ஒயர்ல என்ன சார் இருக்கு?



நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்துகிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு. ஓய்வு பெற்ற பிறகு மணி அடிக்கவும் ஆள் இல்லை. பொறுத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிட்டு, பிறகு என்னைத் திட்டுங்கள்.

விஷயம் இதுதான். 1998இல் பிளஸ் டூ முடித்த செட் சேர்ந்து நம் பள்ளிக்கு 40 கம்ப்யூட்டரோடு புது லேப் அமைத்துத் தரப் போகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள், உள்ளூரில் கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று எல்லோரும் தங்களால் முடிந்ததைப் போட்டிருக்கிறீர்கள். அதில் எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சமல்ல. மூன்று கொட்டேஷன் வந்தன. மூன்றாவது கொட்டேஷனில் தொகை குறைவு, காரணம் "வயரிங் தேவையில்லை, எல்லாம் வைஃபை." குரூப்பில் வரிசையாகக் கட்டைவிரல் உயர்ந்தது. நான் ஒருவன் மட்டும் வேண்டாம் என்றேன். உடனே ஒரு தம்பி கைகூப்பும் படத்தோடு எழுதினான்: "ஒயர்ல என்ன சார் இருக்கு? மிச்சமாகிற காசுக்கு இன்னும் நாலு கம்ப்யூட்டர் வாங்கிடலாம்."

தம்பி, அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. ஒயரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு காலத்தில் நானும் இருந்தேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, பிள்ளைகள் கொடுத்தார்கள். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு பள்ளிக்கு ஒரு லேப் வந்தது. 20 கம்ப்யூட்டர். இயற்பியல் வாத்தியாரான என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். "கேபிளிங் 1 லாட், ஸ்விட்ச் 1 லாட், நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது." ஒரு டெஸ்டரைச் செருகிக் காட்டினார்கள். எட்டு லைட்டும் வரிசையாக எரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். மின்தடை பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவன், அந்தக் கேபிளை ஒரு பிளேடால் சுரண்டிப் பார்க்கவில்லை.

முதல் வருடம் ஓடியது. இரண்டாம் வருடம் ஓரத்தில் இருந்த நான்கு கம்ப்யூட்டர்கள் அடிக்கடி இணைப்பை விட்டன. "நெட் ஸ்லோ" என்றோம். மூன்றாம் வருடம் பொதுத்தேர்வு செய்முறை நாள். பிள்ளைகளின் புரோகிராம் எல்லாம் சர்வர் என்று நாங்கள் அழைத்த ஒரு கம்ப்யூட்டரில், பிரின்டர் ஒன்று வேறொரு மூலையில். காலையில் முதல் பேட்ச் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் எல்லாத் திரையும் உறைந்துவிட்டது. வெளிப்பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். யுபிஎஸ்ஸைத் திட்டினேன். ஒரு பிள்ளை, நன்றாகப் படிக்கிற பிள்ளை, "சார், நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா சார்?" என்று அழ ஆரம்பித்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் நம் பழைய மாணவன் ஒருவன், எலக்ட்ரிக்கல் கடையில் வேலை செய்கிறவன், சைக்கிளில் வந்தான். ஸ்விட்சைப் பார்த்தான். எல்லா லைட்டும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போலச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கினான். அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. முந்தின நாள் லேப்பைக் கூட்டும்போது யாரோ ஒரு கேபிள் முனை தரையில் தொங்குவதைப் பார்த்து, நல்ல எண்ணத்தில் அதைச் செருகி வைத்திருக்கிறார்கள். அதன் இன்னொரு முனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. அவ்வளவுதான்.

அதற்கு ஏன் லேப்பே சாக வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பழைய ஹப் என்பது நம் பள்ளி பியூன் நோட்டீஸ் கொண்டு போகிற மாதிரி. செய்தி ஒருவருக்கானதாக இருந்தாலும் எல்லா வகுப்பிலும் போய்ப் படிப்பார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும், இருவர் சேர்ந்து பேசினால் மோதல், மறுபடி முதலிலிருந்து. ஸ்விட்ச் அப்படியல்ல. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளத்தில் மேக் முகவரி ஒன்று உண்டு. யார் பேசினாலும் அவருடைய முகவரி எந்த வாசல் வழியாக வந்தது என்று ஸ்விட்ச் குறித்து வைத்துக்கொள்ளும். புதிதாக வந்த ஆசிரியர், குரல் வருகிற திசையை வைத்து எந்தப் பையன் எந்த பெஞ்ச் என்று கற்றுக்கொள்வது போல. அடுத்த முறை அவனுக்கு வருகிற செய்தி அவன் வாசலுக்கு மட்டும் போகும். பக்கத்து வாசலில் வேறு இருவர் அதே நேரத்தில் பேசிக்கொள்ளலாம், மோதல் இல்லை.

ஆனால் "எல்லோருக்கும்" என்று அனுப்பப்படும் செய்திகளும் உண்டு. அவற்றை ஸ்விட்ச் வந்த வாசலைத் தவிர மற்ற எல்லா வாசல்களிலும் அனுப்பியாக வேண்டும். ஒரே ஸ்விட்சின் இரண்டு வாசல்களை ஒரு கேபிள் இணைத்திருந்தால், வெளியே போன செய்தி உள்ளே திரும்பி வரும். அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். இணையத்தின் ஐபி பொட்டலத்துக்காவது இத்தனை தாண்டலுக்குப் பிறகு செத்துப்போ என்று ஒரு எண்ணிக்கை உண்டு. ஈதர்நெட் சட்டகத்துக்கு அந்த எண்ணிக்கை கிடையாது. அது சாகாமல் சுற்றும், பெருகும். நொடிக்குள் மொத்த வழியும் அடைபடும்.

இதற்கு மருந்து என்றைக்கோ கண்டுபிடித்தாகிவிட்டது. 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, எங்கே வளையம் இருக்கிறது என்று கண்டு, ஒரு வழியைத் தாமாகவே மூடிவைக்கும். 1990இல் அது ஐஇஇஇ தரமாகவே வந்துவிட்டது. எங்கள் லேப்பில் இருந்த மலிவு ஸ்விட்சில் அது இல்லை. இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. "ஸ்விட்ச் 1 லாட்" என்று எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

சின்ன ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் இதே வகைச் சிக்கலில் படுத்து, நாள்கணக்கில் டாக்டர்கள் காகிதத்தில் மருந்து எழுதினார்கள். அங்கே ஸ்பானிங் ட்ரீ இருந்தது. ஆனால் யோசிக்காமல் ஸ்விட்சுக்கு மேல் ஸ்விட்சாகச் சேர்த்துக்கொண்டே போனதில், அதன் வரம்பைத் தாண்டிவிட்டார்கள். மருந்து வீட்டில் இருந்தால் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும்.

இனி ஒயருக்கு வருகிறேன்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் அதே எலக்ட்ரிக்கல் கடைத் தம்பியும் நானும் லேப்பின் கேசிங்கைத் திறந்தோம். ஒரு கேபிளை வெட்டி, உள்கம்பியைப் பிளேடால் சுரண்டினோம். மேலே செம்பு நிறம். இரண்டு இழுப்பில் வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம். நான்கு முறை வளைத்தால் முறிந்தது. மேலுறையில் கேட் 6 என்று கம்பீரமாக அச்சிட்டிருந்தது.

இதற்கு விற்கிறவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள், அதில் பாதி உண்மையும் உண்டு. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேல்தோலிலேயே ஓடும், மேலே செம்பு இருந்தால் போதாதா என்பார்கள். முதல் நாள் சோதனையில் தேறுவதற்கு அது உதவும். மீதிப் பாதியைச் சொல்ல மாட்டார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு. நீங்கள் பட்டியலில் நான்கு கேமராவும் சேர்த்திருக்கிறீர்கள், அவற்றுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகப் போகிறது. அது நேர்மின்னோட்டம். மேல்தோலில் மட்டும் ஓடாது, முழுக் கம்பியிலும் ஓடும். தடை கூடினால் சூடு கூடும், கேமராவுக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் குறையும். அலுமினியம் காற்றுப் பட்டால் ஆக்சைடு படியும், இணைப்பு முனையில் தொடர்பு நாளடைவில் கெடும். அதனால்தான் முதல் வருடம் ஓடி, இரண்டாம் வருடம் விக்கி, மூன்றாம் வருடம் செத்தது. கேட் 5இ, கேட் 6 தரங்கள் கேட்பது முழுச் செம்பு. முலாம் பூசிய கம்பிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, பாமாயிலுக்கு நல்லெண்ணெய் லேபிள் ஒட்டுவது மாதிரி.

வாங்கும்போது நீங்களே பார்க்கலாம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியம் 2.7. கையே சொல்லிவிடும். பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வரை செம்பாக இருக்க வேண்டும். காந்தத்தை நம்பாதீர்கள், அலுமினியமும் ஒட்டாது.

அடுத்து அந்தப் பிரசித்தி பெற்ற எட்டு லைட்டு. என் வாழ்க்கையில் என்னை ஏமாற்றிய பொருள்களில் அந்த டெஸ்டருக்கு முதலிடம்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும். அலங்காரத்துக்கு அல்ல. டெலிபோன் கம்பிகளுக்காக கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை வாங்கிய உத்தி அது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக விழும். வாங்குகிற கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு தூசி விழுந்தால் முள் நகராது, அதுதான் கணக்கு. ஆகவே சேர்ந்து முறுக்கிய இரண்டு கம்பிகளும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும்.

இப்போது பிளக்கில் கம்பிகளை அடுக்கும் வரிசையைப் பாருங்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி ஏன் 3லும் 6லும் பிரிந்து, நடுவில் நீல ஜோடி உட்கார்ந்திருக்கிறது? 3ம் 6ம் சேர்ந்துதான் ஒரு பாதை என்று தரம் வகுத்திருக்கிறது. இது தெரியாதவர், "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும் சார்" என்று பார்வைக்கு அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார். அப்போது 3இல் ஒரு ஜோடியின் கம்பி, 6இல் வேறு ஜோடியின் கம்பி. முறுக்கு இருந்தும் பயன் இல்லை. ஆனால் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை அழகாக எரியும்! கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் அந்தப் பொம்மைக்குத் தெரியும். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதும், அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒன்றா?

எங்கள் லேப்பின் ஓரத்து நான்கு கம்ப்யூட்டர்களில் இந்தத் தவறுதான் இருந்தது. போதாததற்கு அந்த நான்கு கேபிளும் ஃபேன் ஒயரோடு ஒரே கேசிங்கில் ஒட்டிப் படுத்திருந்தன.

சரி, வைஃபைக்கு வருவோம். "இதெல்லாம் ஒயர் போட்டால்தானே சார் தலைவலி, ஒயரே இல்லாவிட்டால்?" என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆனால் விடை உங்களுக்குப் பிடிக்காது.

ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரின் வேலை. அப்போது எல்லா கம்ப்யூட்டரும் ஒரே தடிமன் கேபிளைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒருவர் பேச, மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் பிறகு ஆளுக்கொரு கேபிள், நடுவில் ஸ்விட்ச் என்று வந்தார்கள். வைஃபையில் ஒரு சேனல் என்பது மறுபடி அந்தப் பழைய ஒற்றைக் கேபிள்தான். காற்று ஒன்று, பேசுகிறவர்கள் பலர். பொதுவாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 40 பிள்ளைகள் "இப்போ எல்லோரும் இந்த ஃபைலைத் திறங்க" என்று டீச்சர் சொன்னதும் ஒரே நொடியில் கேட்பார்கள். ஒரே வாட்டர் டேங்கர் லாரி, நாற்பது குடம். பெட்டியில் அச்சிட்ட வேகம் முழு லாரியின் கணக்கு, உங்கள் குடத்தின் கணக்கு அல்ல. அந்த வைஃபை பெட்டியும் காற்றில் தொங்காது, அதற்கும் ஒரு ஒயர் போக வேண்டும்.

வைஃபை கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டில் பேத்தி டேப்லெட்டில் படிப்பதே அதில்தான். நகர்கிற பொருளுக்கு வைஃபை. மேஜையில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருக்கிற 40 கம்ப்யூட்டருக்கு எதற்கு? பெங்களூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கிற என் அக்கா மகனிடம் கேட்டேன். "மாமா, எங்க ஆபீஸ்ல நகராத எதுக்குமே வைஃபை கொடுக்க மாட்டோம்" என்றான். அந்த ஒரு வாக்கியம் குரூப்பில் உள்ள இன்ஜினியர்கள் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் தெரிந்தது, தானம் கொடுக்கும்போது ஏன் மறந்து போகிறது?

இங்கேதான் என் உண்மையான கோபம். கோயிலில் ட்யூப் லைட் கொடுத்துவிட்டு, அதன் மேல் "உபயம்" என்று பெரிதாக எழுதி, வெளிச்சத்தையே மறைக்கிற ஊர் நம் ஊர். மானிட்டரில் பெயர் ஒட்டலாம். கம்ப்யூட்டர் மேஜையில் ஒட்டலாம். சுவருக்குள் போகிற கேபிளில் யார் பெயரை ஒட்டுவது? அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற நாலு கம்ப்யூட்டருக்காகக் கண்ணுக்குத் தெரியாத கேபிளை வெட்டுகிறோம். கம்ப்யூட்டர் ஐந்தாறு வருடத்தில் பழசாகும். ஒழுங்காகப் போட்ட கேபிள் மூன்று தலைமுறைக் கம்ப்யூட்டரைப் பார்க்கும். 2000களின் தொடக்கத்தில் போட்ட நல்ல கேட் 5இ கேபிளிலேயே நொடிக்கு 2.5 ஜிகாபிட் அனுப்ப 2016இல் தரம் வந்துவிட்டது. யாரும் சுவரை உடைக்கவில்லை. நீங்கள் கொடுப்பதில் எது நீடிக்கும் என்று கேட்டால், அது ஒயர்தான்.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. எங்களுடையதும்தான். ஏழு அடுக்குகளின் பெயரை வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுத்தோம். ஒரு கிரிம்பிங் டூலைக் கையில் கொடுத்து, ஒரு பிளக் போடச் சொல்லவில்லை. படித்த ஏழு அடுக்கில் முதல் அடுக்கே அந்த ஒயர்தான் என்பதைச் சொல்லித் தரவில்லை.

ஆகவே என் கோரிக்கை. பணம் கட்டும் முன் கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்:

1. "1 லாட்" என்ற சொல்லே கூடாது. எத்தனை மீட்டர், என்ன தரம், முழுச் செம்பு என்று எழுத வேண்டும். பெட்டி நம் முன்னால் பிரிக்கப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு மேஜைக்கும் ஸ்விட்சிலிருந்து நேராக ஒரு கேபிள். சுவர்ப் பெட்டி வரை 90 மீட்டர், இரு முனைகளின் பேட்ச் கார்டும் சேர்த்து 100 மீட்டருக்குள். நம் லேப்புக்கு அது தாராளம். மேஜைக்கு அடியில் குட்டி ஸ்விட்சிலிருந்து குட்டி ஸ்விட்ச் என்று சங்கிலி போடக் கூடாது. நடுவில் ஒன்று 100 மெகாபிட் பழசாக இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லோரும் அந்த 100ஐத்தான் பங்கு போட வேண்டும்.

3. 48 வாசல் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, வளையத்தைத் தடுக்கும் வசதியோடு. கேமராவுக்குக் கேபிளிலேயே மின்சாரம் தருவதற்கான வசதி அதில் இருக்கிறதா, அல்லது தனிக் கருவியா என்பதையும் எழுத வேண்டும். பூட்டிய ரேக்கில் இருக்க வேண்டும், சாவி லேப் டீச்சரிடம்.

4. பிளக்கின் வாயில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கரண்ட் ஒயரோடு ஒரே கேசிங் கூடாது, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்ட வேண்டும்.

5. இரண்டு முனையிலும் ஒரே எண். சுவரில் 17 என்றால் ரேக்கிலும் 17. அந்த எண் இருந்திருந்தால் அன்று அந்தக் கேபிள் முனையைச் செருகியவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

6. எட்டு லைட்டு டெஸ்டர் போதாது. இரைச்சல் வரை அளக்கும் சோதனைக் கருவியை வாடகைக்காவது கொண்டுவந்து, ஒவ்வொரு கேபிளுக்கும் முடிவை அச்சிட்டுத் தர வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து.

இதனால் நாலு கம்ப்யூட்டர் குறையும் என்றால் குறையட்டும். 36 கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிற லேப், 44 கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிற லேப்பைவிடப் பெரியது. கேபிள் கணக்கில் என் பங்கு 15,000 ரூபாய். இன்றே செட் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். என் பெயரை எங்கேயும் ஒட்ட வேண்டாம், ஒட்டவும் இடம் இல்லை.

வேலை நடக்கிற நாட்களில் நான் அங்கே நாற்காலி போட்டு உட்காருவேன். எலக்ட்ரிக்கல் கடைத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், இப்போது அது அவன் சொந்தக் கடை. உங்களில் வர முடிந்தவர்கள் வாருங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பிளக் அவர்கள் கையாலேயே போடட்டும்.

அன்று அழுத பிள்ளைக்குக் கடைசியில் நேரம் கொடுத்தார்கள், தேர்வை எழுதியது, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியது. இந்தக் குரூப்பில் இல்லை, ஆனால் உறவினர் யாராவது மூலம் இதைப் படிக்கலாம். அம்மா, நீ எதையும் தப்பாக அழுத்தவில்லை. தப்பு நான் போட்ட கையெழுத்தில் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். வாத்தியார் இன்னும் விடைத்தாள் திருத்துவார்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் சார்